சுகர்ஸ்: வீடு திரும்பும் நாளில் காத்திருக்கும் ஆபத்து

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் நான் போயிருந்த ஒரு வீட்டில், சாமி அலமாரியின் நடுத்தட்டில் எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது. அங்கே இருந்த பித்தளைக் குத்துவிளக்கு அந்த வீட்டு ஆயாவின், அதாவது பாட்டியின், மாமியாருடையது. டர்பன் நகராட்சியில் வேலை பார்த்த தமிழர்கள் மேகசின் பாரக்ஸ் என்ற நகராட்சிக் குடியிருப்பில் இருந்த காலத்திலிருந்து விடாமல் ஏற்றிவந்த விளக்கு. பேரன் அதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டான்.

"விளக்கு போனா போகட்டும் சிஸ்டர்" என்றார் ஆயா. "அவன் கொட்டாவி விட்டுக்கிட்டே இருந்தான். மூக்கு ஒழுகிச்சு. சளி பிடிச்சிருக்குன்னு மிளகு ரசம் வெச்சுக் குடுத்தேன். மூணு மாசம் ரசம் வெச்சுக் குடுத்திருக்கேன்."

அந்தக் கொட்டாவி சளியால் வந்ததில்லை. இங்கே ‘சுகர்ஸ்’ என்று விற்கும் ஹெராயினுக்குப் பழகிய உடம்பு, அது கிடைக்காதபோது முதலில் காட்டும் அறிகுறி அது. டர்பன் தெருவில் இதற்கு ‘ரோஸ்டா’ என்று பெயர். கடைசியாக இழுத்த 6 முதல் 12 மணி நேரத்துக்குள் கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், மயிர்க்கூச்சம் என்று ஆரம்பிக்கும். அப்புறம் வயிறு முறுக்கிப் பிடிக்கும், வயிற்றுப்போக்கு வரும், எலும்புக்குள் வலிக்கும், கால் ஓரிடத்தில் நிற்காது. 2ஆம், 3ஆம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். விளக்கை எடுத்துக்கொண்டு ஓடியவன் போதைச் சுகத்துக்காக ஓடினான் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். முப்பது வருடம் நர்ஸாக இருந்து நான் பார்த்த வரையில், பழகிப்போனவர்கள் பெரும்பாலும் இந்த வலியிலிருந்து தப்பிக்கத்தான் ஓடுகிறார்கள். சுகம் எப்போதோ போய்விடுகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டார் எல்லோரும் பயப்படுவது இந்த ஒரு வாரத்தை நினைத்துத்தான். கதவைப் பூட்டி, கூடவே உட்கார்ந்து, எப்படியாவது இதைத் தாண்டிவிட்டால் பிள்ளை பிழைத்துவிட்டான் என்று நம்புகிறோம். உயிர் போவது பெரும்பாலும் அதற்கு அப்புறம், அவன் ‘சுத்தமாகி’ வீடு திரும்பிய நாட்களில். இது தெரியாததால் நம் வீடுகளில் எத்தனையோ பிள்ளைகளை இழந்திருக்கிறோம்.

சுகர்ஸ் என்றால் என்ன என்பதிலேயே குழப்பம் நிறைய. சாட்ஸ்வொர்த்தில் 2000களின் நடுவில் இந்தப் பெயர் பரவியது. சில வருடம் கழித்து டர்பனின் உம்லாசி, குவாமாஷு பக்கம் ‘வூங்கா’ என்றார்கள். பிரிட்டோரியா, ஜோஹானஸ்பர்க் பக்கம் ‘ந்யாவோபே’. மூன்றிலும் அடிப்படைச் சரக்கு ஒன்றுதான்: தரம் குறைந்த பழுப்பு ஹெராயின். அதோடு காஃபின், பாரசிட்டமால் போன்றவற்றைக் கலந்து அளவைக் கூட்டி, காப்ஸ்யூலில் அடைத்து விற்கிறார்கள். விற்பவனை இங்கே ‘மெர்ச்சன்ட்’ என்பார்கள். அலுமினியத் தாளில் வைத்து அடியில் லைட்டர் காட்டினால் பழுப்பாக உருகி ஓடும். அந்தப் புகையை குழாயால் இழுப்பார்கள். கஞ்சாவில் தூவிச் சுருட்டியும் பிடிப்பார்கள். நாளாக ஆக, காசு போதாமல் போகும்போது சிலர் ஊசிக்கு மாறுகிறார்கள், ஏனென்றால் ஊசியில் கொஞ்சம் சரக்கே நிறைய வேலை செய்யும். வீட்டில் சமையல் ஃபாயில் சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்துபோனால், நடுவில் கறுப்புக் கோடு ஓடிய துண்டுகள் குப்பையில் கிடந்தால், அதைப் பார்க்காத மாதிரி விட்டுவிடாதீர்கள்.

எலி மருந்து கலக்கிறார்கள், எச்ஐவி மாத்திரையைப் பொடித்துப் போடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எந்தக் காப்ஸ்யூலில் என்ன இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஆய்வகங்களில் சோதித்தபோது, ஆளை அடிமையாக்கும் பொருளாகத் திரும்பத் திரும்பக் கிடைத்தது ஹெராயின்தான். எலி மருந்துக் கதை ஒரு பெரிய கெடுதலைச் செய்துவிட்டது. உடம்புக்குள் நஞ்சு இறங்கியிருக்கிறது, ஒரு வாரம் பத்தியம் இருந்து கழுவிவிட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தை அது விதைத்தது. பேதிக்குக் கொடுப்பது, விரதம் இருக்க வைப்பது, ஏழு நாள் எங்கேயாவது பூட்டி வைப்பது எல்லாம் அந்த எண்ணத்திலிருந்து வந்தவை. ஹெராயின் ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். அது மூளையில் செய்த மாற்றம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருக்கும். சண்டை அதோடுதான்.

மூளையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வலியை அடக்க உடம்பே தயாரிக்கும் எண்டார்ஃபின் என்ற பொருள் உண்டு. அது போய் உட்காரும் ஏற்பிகள் மூளையிலும் குடலிலும் இருக்கின்றன. ஹெராயின் மூளைக்குள் போனதும் மார்ஃபினாக மாறி, அதே ஏற்பிகளில் பலமாக உட்கார்ந்துகொள்கிறது. வலி மறைகிறது, கவலை மறைகிறது, டோப்பமின் என்ற மூளை ரசாயனம் பெருகுகிறது. ‘இது முக்கியம், இதைத் திரும்பச் செய்’ என்று மூளை மனப்பாடம் செய்துகொள்கிறது. பசிக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர் என்று கற்றுக்கொள்ளும் அதே இடத்தில்தான் இந்தப் பாடமும் பதிகிறது. அதனால்தான் "அம்மாவை நினைச்சுப் பார்த்தாவது விடமாட்டியா?" என்ற கேள்வி அவனுக்குக் கேட்டாலும் உள்ளே போய்ச் சேருவதில்லை.

இன்னொரு பக்கம், மூளைத்தண்டில் உடம்பை விழிப்பாக வைத்திருக்கும் நரம்புக் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஹெராயின் அதை அமுக்கிப் பிடிக்கிறது. நாள்தோறும் அமுக்கினால் அந்த நரம்புகள் தங்கள் பலத்தைக் கூட்டிக்கொண்டு எதிர்த்து நிற்கப் பழகிவிடும். திடீரென்று சரக்கு நின்றதும், அமுக்கியிருந்த கையை எடுத்த ஸ்பிரிங் மாதிரி எல்லாம் ஒரேயடியாகத் துள்ளி எழும். அந்தத் துள்ளல்தான் ரோஸ்டா. போதையில் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், மலம் கட்டும், தோல் உலரும். நிறுத்தினால் கண்மணி விரியும், வயிறு போகும், வியர்த்துக் கொட்டும். ஒன்றுக்கொன்று நேர் எதிர். இதெல்லாம் நடிப்பு என்று நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்ததுண்டு. யாராலும் கண்மணியை நடித்து விரிய வைக்க முடியாது.

இப்போது அந்த ஆபத்தான நாளுக்கு வருவோம். தினமும் பிடிப்பவனின் உடம்பு, புதிதாக ஒருவன் எடுத்தால் செத்துப்போகும் அளவைத் தாங்கப் பழகியிருக்கும். ஒரு வாரம், இரண்டு வாரம் நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி மளமளவென்று இறங்கிவிடும். ஆசை மட்டும் இறங்காது. மறுவாழ்வு இல்லத்திலிருந்தோ, சிறையிலிருந்தோ, மாமா வீட்டுப் பின்னறையிலிருந்தோ அவன் வெளியே வருகிறான். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், பிரியாணி செய்கிறார்கள். மூன்றாம் நாள் பழைய சிநேகிதன் ஒருவன் கூப்பிடுகிறான். கை பழைய அளவையே எடுக்கிறது. உடம்பு பழைய உடம்பில்லை. மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் இடம் மெல்ல மெல்ல அடங்குகிறது, நிமிடத்துக்கு நாலு ஐந்து மூச்சாகிறது, அப்புறம் அதுவும் நிற்கிறது. தூங்குகிறான் என்று அம்மா போர்வை போர்த்திவிட்டுப் போகிறாள். சிறையிலிருந்தோ சிகிச்சையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்களில் சாவு கூடுகிறது என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். நம் சமூகத்தில் அந்தச் சாவை ‘ஹார்ட் அட்டாக்’ என்று சொல்லிப் புதைத்துவிடுகிறோம், அடுத்த வீட்டுக்காரருக்கு அந்தப் பாடம் போய்ச் சேருவதே இல்லை.

சாராயத்துக்கும் ஸானாக்ஸ் போன்ற தூக்க மாத்திரைகளுக்கும் அடிமையானவர்கள் கதை வேறு. அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து, நிறுத்துவதாலேயே உயிர் போகலாம். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் அவர்களைப் பூட்டி வைக்கவே கூடாது. சுகர்ஸோடு ஸானாக்ஸும் போடும் பையன்கள் இருக்கிறார்கள் என்பதால், என்னென்ன எடுத்தாய் என்று திட்டாமல் கேட்டுத் தெரிந்துகொள்வது உயிர் விஷயம்.

மற்றக் கேடுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். புகையாக இழுப்பவர்களுக்கு நுரையீரல் கெடும், ஆஸ்துமா முற்றும். பசி போய், பல் சொத்தையாகி, காசநோய் எளிதாகத் தொற்றும். ஊசி போடுபவர்களுக்கு ரத்தக்குழாய் சீழ்பிடிக்கும், இதய வால்வில் கிருமி உட்காரும். ஊசியைப் பகிர்ந்தால் கல்லீரலைத் தின்னும் ஹெபடைடிஸ் சி, எச்ஐவி. தென்னாப்பிரிக்காவிலேயே எச்ஐவி மிக அதிகமாக உள்ள மாகாணங்களில் ஒன்று நம் குவாசூலு-நட்டால் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி இதில் மாட்டியிருந்தால், திட்டித் திடீரென்று நிறுத்தச் செய்வது வயிற்றில் உள்ள குழந்தைக்கே ஆபத்து. அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

நம் மக்களுக்கும் போதைக்கும் உள்ள உறவு இந்த மண்ணில் பழையது. சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறைக்கு வந்தது. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் இறங்கினார்கள். பத்தே வருடத்தில், 1870இல், கூலிகள் கஞ்சா புகைக்கவோ வைத்திருக்கவோ கூடாது, அவர்களுக்கு யாரும் விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று நட்டால் அரசு சட்டம் போட்டது. தோட்டத்தில் வேலை கெடுகிறது என்பதுதான் அப்போது கவலை. கூலிக்காரன் முதுகுவலி என்ன, அவன் ஏன் புகைக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. போதை என்றால் வேலை செய்யாத சோம்பேறி, அவனுக்குத் தண்டனைதான் மருந்து என்ற பார்வை அங்கிருந்து வருகிறது. நூற்றைம்பது வருடம் கழித்தும் நம் சொந்த வாயிலேயே அது குடியிருக்கிறது. கஞ்சா விஷயத்தில் சட்டம் எவ்வளவோ மாறிவிட்டது. பெரியவர்கள் தனியிடத்தில் சொந்தத்துக்குப் பயன்படுத்துவது குற்றமில்லை என்று 2018 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பேச்சு மட்டும் மாறவில்லை.

1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் கேட்டோ மேனர், மேகசின் பாரக்ஸ் போன்ற இடங்களிலிருந்து நம்மைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள். கூட்டுக்குடும்பம் சிதறியது, வேலைக்குப் போக பஸ் பிடித்து மணிக்கணக்கில் போக வேண்டியதாயிற்று, பிள்ளைகள் தெருவில் வளர்ந்தார்கள். முதலில் மேண்ட்ரக்ஸ் என்ற மாத்திரை வந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ‘பட்டன்’ என்றால் தெரியும், உடைந்த பாட்டில் கழுத்தில் கஞ்சாவோடு பொடித்துப் போட்டுப் பிடிப்பார்கள். அதிலுள்ள மருந்தை முதலில் தயாரித்தது 1951இல் நம் இந்தியாவில். மலேரியாவுக்கு மருந்து தேடியபோது தற்செயலாகக் கிடைத்த தூக்க மருந்து அது. பின்னால் நிறவெறி ஆட்சி முடிந்து எல்லைகள் திறந்தபோது ஹெராயின் வந்தது. ஆப்கானிஸ்தானின் கசகசாச் செடியிலிருந்து எடுத்த சரக்கு பாகிஸ்தான், ஈரான் கரையில் படகு ஏறி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து, தான்சானியா, மொசாம்பிக் கரையில் இறங்கி, தரைவழியாகத் தெற்கே வருகிறது. ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு வழியிலேயே, நம் தெருக்களிலேயே தங்கிவிட்டது.

சரி, செய்யக்கூடியது என்ன? உலகம் முழுவதும் சோதித்துப் பார்த்த மருந்துகள் இரண்டு இருக்கின்றன: மெதடோன், பூப்ரெனார்ஃபின். 2005இலிருந்து உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இரண்டும் உண்டு. ஹெராயின் உட்காரும் அதே ஏற்பியில் இவை உட்காரும். ஆனால் மெதுவாக ஏறி, ஒரு நாள் முழுவதும் நிலையாக நிற்கும். ஏற்றமும் இறக்கமும் இல்லாததால் ரோஸ்டா வராது, சரியான அளவில் போதையும் வராது. காலையில் ஒரு தடவை குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளியில் விடலாம். உடம்பின் தாங்கும் சக்தி இறங்காமல் இருப்பதால், வழுக்கி விழுந்தாலும் உடனே உயிர் போகும் ஆபத்து குறைகிறது. இந்தச் சிகிச்சையில் இருக்கும்போது சாவு, இல்லாதபோது இருப்பதில் பாதிக்கும் கீழாகக் குறைவதாகப் பெரிய ஆய்வுகள் சொல்கின்றன.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கோவில் மண்டபத்தில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அவருக்குச் சர்க்கரை நோய். "அண்ணே, நீங்க இன்சுலினை ஏழு நாள் போட்டுட்டு நிறுத்திடுவீங்களா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, யோசித்தார். மெதடோனிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. சாராயத்தோடோ தூக்க மாத்திரையோடோ சேர்ந்தால் மூச்சை நிறுத்தும். குழந்தை கைக்கு எட்டினால் ஒரு மடக்கே உயிரை எடுக்கும். அதனால்தான் குறைந்த அளவில் ஆரம்பித்து, முதலில் கண்ணெதிரே குடிக்க வைத்து, மெல்ல ஏற்றுகிறார்கள்.

இந்த மருந்து டர்பனில் வேலை செய்யாது என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. 2017இல் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் டிபி/எச்ஐவி கேர் என்ற அமைப்பும் சேர்ந்து, தெருவில் வாழ்ந்தவர்கள் உட்பட ஐம்பதுக்கும் சற்று மேற்பட்டவர்களுக்கு மெதடோன் கொடுத்துக் காட்டின. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வீடில்லாதவர்களை முகாம்களில் தங்க வைத்தார்கள், ஒரே இரவில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு ரோஸ்டா. அப்போது மெதடோன் கொடுத்துத்தான் சமாளித்தார்கள். அதிலிருந்து உருவானதுதான் போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கான பெல்ஹேவன் மையம். இதற்கு நேர்மாறாக, 2018இல் கடற்கரையில் ஊசிகள் கிடந்ததாகப் புகார் எழுந்து, சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டத்தை நகராட்சி நிறுத்தியது. ஊசி போடுபவர்கள் போடுவதை நிறுத்தவில்லை, பழைய ஊசியைப் பகிர்ந்துகொண்டார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் திட்டம் திரும்ப வந்தது.

இத்தனைக்குப் பிறகும் அரசு மருத்துவமனையில் மாதக்கணக்கில் தொடர்ந்து மெதடோன் கிடைப்பது அரிது. ரோஸ்டா வாரத்தைத் தாண்டச் சில நாள் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அதாவது, மிக ஆபத்தான நாளுக்கு முந்தின நாள் மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்புகிறோம். நர்ஸாக இருந்த எனக்கு இதைச் சொல்ல வலிக்கிறது, நானே அப்படி எத்தனையோ பேருக்குப் பையைக் கட்டிக் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பியிருக்கிறேன்.

கோவிலும் காவடியும் ஆடிக் கூழும் இதில் எதிரி என்று நான் சொல்ல மாட்டேன். நாற்பது நாள் விரதம் இருந்து காவடி எடுத்து, அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டே மீண்டவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். காலையில் எழ ஒரு காரணமும், உட்கார வைத்துச் சாப்பாடு போட நாலு பேரும் எந்த மருந்துக்கும் தேவை. விரதம் முடிந்த மறுநாள் அவனோடு யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் கேட்கிறேன்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருங்கள். உதடு நீலம் பாரித்து, குறட்டை மாதிரி கொறகொற சத்தம் வந்து, தட்டிக் கூப்பிட்டாலும் எழவில்லை என்றால் அது தூக்கமில்லை. 10177க்கோ, மொபைலில் 112க்கோ கூப்பிட்டு, மூச்சு சரியாக விடவில்லை என்று சொல்லுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, ஐந்து விநாடிக்கு ஒரு தடவை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நாடியே இல்லை என்று தோன்றினால் நெஞ்சை அழுத்த வேண்டும். மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி எடுத்தாலும் அடைக்காது. பால் ஊற்ற வேண்டாம், குளிர்ந்த தண்ணீரில் போட வேண்டாம். ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் ஹெராயினை முறிக்கும் நலாக்ஸோன் என்ற மருந்து இருக்கலாம், அது சில நிமிடத்தில் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும். ஆனால் அது அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும், ஹெராயின் இன்னும் உள்ளே இருக்கலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

ஆயாவின் பேரன் இப்போது ஒரு தனியார் மருத்துவரிடம் மெதடோன் எடுக்கிறான். செலவு ஆயாவின் முதியோர் உதவித்தொகையிலிருந்து போகிறது. போன மாதம் பார்த்தபோது, "எத்தனை நாள் குடிக்கணும் சிஸ்டர்?" என்று கேட்டார். "நாள் கணக்கில்லை ஆயா, ஒரு வருஷமாவது. அதுக்கு மேலயும் ஆகலாம்" என்றேன். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். அப்புறம் பையனை எழுப்பி, சட்டையை மாட்டச் சொல்லி, மருந்துக்கடை திறக்கும் நேரத்துக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டு டாக்ஸி நிற்கும் இடத்துக்கு நடந்தார்.